மறுபடி போவீங்களா?

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினார்கள். கணவன், மனைவி, கணவனின் அம்மா, தோளில் தூங்கி வழியும் ஒரு குழந்தை. வீட்டில் பெட்டிகள்கூட இன்னும் பிரிக்கவில்லையாம். "இந்தப் பக்கத்துல நல்லா சாப்பிட எங்கக்கா போகலாம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பத்தொன்பது வருடமாக இதே பகுதியில் இருக்கிறேன். எந்தக் கடையில் சமையல்காரர் மாறினார், எந்தக் கடை எத்தனை கைமாறியது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன். சமையலில் இந்த வட்டாரத்திலேயே முதலிடம் என்று நான் நம்பும் உணவகம் அது. வழியும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் பார்த்தபோது, "நல்லா இருந்துச்சுக்கா" என்றாள். அந்தக் குரலிலேயே ஏதோ சரியில்லை. இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் பழகிய பிறகு மீதியைச் சொன்னாள். உணவகம் மாடியில். பதினாலு படி. மாமியாருக்கு மூட்டுவலி. மேலே ஏறியதும் முக்கால் மணி நேரம் நின்றபடி காத்திருந்திருக்கிறார்கள். உள்ளே சத்தம், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. சாப்பாடு வந்தபோது குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. "சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடையின் மேல் ஒரு பிழையும் கிடையாது. நாலு பேர் என் எதிரில்தான் நின்றார்கள். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். ஆனாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல், என் மனதில் இருந்த பட்டியலின் முதல் பெயரை எடுத்து நீட்டிவிட்டேன். அந்த மாலை எனக்குள் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஊர்க்காரர் வெளியாளுக்கு இடம் சொல்வது என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பெரிய நகரத்தில் நமக்கென்று இருப்பது உண்மையில் ஒரு சின்னப் பகுதிதான். பத்து நிமிட நடையில் எட்டுகிற தெருக்கள். அதற்குள் ஐம்பது அறுபது இடங்கள் இருக்கும், அவற்றில் நாம் வழக்கமாகப் போவது ஐந்தோ ஆறோ. கேட்டால் நாம் சொல்லும் பெயர்கள் அந்த ஐந்தாறுக்குள் இருப்பதே இல்லை. விருந்தாளியை அழைத்துப் போகிற இடத்தைச் சொல்கிறோம், பிறந்தநாளுக்குப் போன இடத்தைச் சொல்கிறோம், வருடத்துக்கு ஒரு தடவை போவதைச் சொல்கிறோம். ஊரின் மானத்தைக் காப்பாற்றுவது போல ஒரு நினைப்பு. செவ்வாய்க்கிழமை ராத்திரி, வேலை முடிந்து களைத்து, சமைக்கத் தெம்பில்லாமல் கால் தானாகப் போகிற இடம் வாயில் வருவதில்லை. அதைச் சொல்ல ஒரு கூச்சம்.

"எது பெஸ்ட்?" என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிரான்சில் டயர் செய்துவந்த மிஷ்லான் சகோதரர்கள் 1900ல் ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த நாட்டில் அப்போது ஓடிய கார்களே சில ஆயிரம்தான். காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்? எரிபொருள் கிடைக்கும் இடம், பழுது பார்ப்பவர், தங்கும் விடுதி என்று வண்டியோட்டிக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. 1920ல் விலை வைத்தார்கள். 1926ல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் வந்தது. 1930களில் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று விரிந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நிறுத்திச் சாப்பிடத் தகும். இரண்டு என்றால் சுற்றுவழியானாலும் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். கவனித்துப் பாருங்கள், மூன்றுமே சாலையில் இருப்பவர் போட்ட அளவு. ஒரு தடவை வந்து போகிறவருக்கான கணக்கு அது. அங்கேயே குடியிருப்பவரின் கணக்கு வேறு. மறுபடி போவேனா, அடுத்த வாரமும் போவேனா, உடம்பு சரியில்லாத அன்றும் போவேனா என்பதுதான் அவருக்குக் கேள்வி. நூறு வருடமாக வண்டியில் போகிறவரின் அளவை வாங்கி நம் தெருவுக்குள் வைத்துப் பார்க்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

அதனால் நான் ஒரு புது இடத்துக்குப் போனால் "எது நல்ல கடை" என்று யாரையும் கேட்பதில்லை. "போன வாரம் எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். ஒரு நொடி யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். பெருமை பேச அந்தக் கேள்வியில் இடம் கிடையாது. அடுத்து, "மறுபடி போவீங்களா?" இதற்கு வரும் பதிலில் வார்த்தையைவிட வேகம் முக்கியம். உடனே "ஓ, போவேனே" என்றால் அந்தக் கடையை நம்பலாம். "ம்ம்... போகலாம்" என்று இழுத்தால் வேறு ஆளைக் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதிலும் எனக்குச் சில நம்பிக்கைகள் உண்டு. மருந்துக்கடைக்காரர் நல்ல ஆள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பவர், மதியம் சாப்பிட அரைமணி நேரம்தான் கிடைக்கும், வாரத்தில் ஆறு நாளும் வெளிச்சாப்பாடு. வயிற்றைக் கெடுக்காத கடை எதுவென்று அவர் சொன்னால் சரியாக இருக்கும். முடிதிருத்துபவருக்குத் தெரு முழுக்க நடப்பது தெரியும். உணவகங்களில் வேலை செய்பவர்கள் தங்கள் கடையைச் சாத்திய பிறகு எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அது புதையல். வேலை முடிந்த சமையல்காரருக்கு அலங்காரமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். சூடாக, சுத்தமாக, சீக்கிரமாக வேண்டும். தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் கேட்பதை மட்டும் தவிர்ப்பேன். அவர்களிடம் அச்சடித்த பட்டியல் இருக்கும். பாவம், யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியாக வேண்டும்.

எல்லாரையும்விடத் தபால்காரருக்குத் தெருக்கள் தெரியும். ஒவ்வொரு வாசலும் தெரியும். அந்த அறிவை வைத்து உயிர்காக்கும் காரியம் செய்த ஒருவர் இருந்தார். விக்டர் ஹ்யூகோ கிரீன், நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பினத் தபால்காரர். அன்றைய அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குப் பல உணவகங்களில் இடமில்லை, பல விடுதிகளில் அறையில்லை. சில ஊர்களில் இருட்டிய பிறகு இருப்பதே ஆபத்து. 1936ல் கிரீன் ஒரு சிறு கையேடு வெளியிட்டார். முதலில் நியூயார்க் வட்டாரம் மட்டும், பிறகு நாடு முழுவதும். உணவகம், மதுக்கூடம், முடிதிருத்தகம், பெட்ரோல் நிலையம் எல்லாம் அதில் இருந்தன. விடுதியே இல்லாத ஊர்களில் விருந்தினரை ஏற்கும் வீடுகளின் முகவரிகளும் இருந்தன. மற்ற ஊர்களின் தபால்காரர்களும் பயணம் போய்வந்தவர்களும் தகவல் அனுப்பினார்கள். கிரீன் 1960ல் இறந்த பிறகும் புத்தகம் வந்துகொண்டிருந்தது. கடைசிப் பதிப்பு 1966க்கும் 67க்குமானது. இடையில் 1964ல் சிவில் உரிமைச் சட்டம் வந்து, பொது இடங்களில் இனம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்தது. இந்தப் புத்தகம் தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று கிரீன் தன் பதிப்பிலேயே எழுதியிருந்தார்.

அந்தக் கையேட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ருசியெல்லாம் அதில் ரெண்டாம் பட்சம். இந்தக் கதவைத் திறந்து உள்ளே போனால் உன்னை மனிதராக நடத்துவார்கள் என்ற ஒரு வாக்குதான் அதன் ஒவ்வொரு வரியும். உள்ளூர்க்காரர் தரும் பரிந்துரைக்கு அடியில் இன்றைக்கும் இந்த வாக்கு இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசலில் ஒரு படி இருந்தாலே அது மூடிய கடை. தனியாக வரும் பெண்ணைச் சமையலறை ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்து மேசையில் உட்காரவைக்கும் கடையைப் பற்றி எந்த மதிப்பெண்ணும் சொல்லாது. மொழி தெரியாதவர் திக்கினால் பொறுமையாகக் கேட்கிற பரிமாறுபவர் எங்கே இருக்கிறார் என்பது அந்தத் தெருவில் வாழ்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, தனியா போய் உக்கார்ற மாதிரி ஒரு பார் இருக்கா? யாரும் வந்து பேசக் கூடாது. ஒரு மணி நேரம் புக் படிச்சிட்டு வந்துருவேன்." இப்படிக் கேட்பவருக்குப் பதில் சொல்வது எளிது. தனக்கு வேண்டியது என்ன என்பதை முழுதாகச் சொல்லிவிட்டாள்.

பார்களைப் பற்றி நான் பார்ப்பது வேறு விஷயங்கள். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் வாசலைப் பார்த்தபடி நிற்கிறாரா? வருகிறவர் முகத்தைப் பார்ப்பவர் என்றால் உள்ளே நடப்பதையும் பார்ப்பார். குடிக்காதவர் ஒருவர் கூட வந்தால் அவருக்கும் மதிப்பாக ஏதாவது கொடுப்பார்களா, இல்லை தண்ணீர் கேட்டாலே முகம் சுளிப்பார்களா? வெளிச்சம் படிக்கிற அளவுக்கு இருக்கிறதா? இரவு எத்தனை மணிக்குக் கூட்டத்தின் குணம் மாறுகிறது? ஒரே இடம் ஏழு மணிக்கு நூலகம் போலவும் பத்து மணிக்குத் திருவிழா போலவும் இருக்கும், அதனால் பார் பெயரை நேரம் சேர்க்காமல் சொல்லவே கூடாது. கடைசி ரயில் எப்போது, நிலையத்துக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பதும் பாரைப் பற்றிய தகவல்தான். இங்கிலாந்தின் லிங்கன்ஷரில் 2016ல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. பாரில் யாராலாவது தொந்தரவு என்றால் கவுன்டரில் போய் "ஏஞ்சலா இருக்காங்களா?" என்று கேட்க வேண்டும். ஊழியர்கள் புரிந்துகொண்டு பத்திரமாக வெளியே அனுப்பிவைப்பார்கள். கழிப்பறைக் கதவில் ஒட்டிய ஒரு தாளில் தொடங்கியது, பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. எந்த பாரில் அப்படி ஒரு ஊழியரிடம் நம்பி உதவி கேட்கலாம் என்பதை, அங்கே அடிக்கடி போகிறவர் அல்லவா சொல்ல முடியும்?

அந்தப் பெண்ணுக்கு ஒரு இடம் சொன்னேன். எட்டரைக்குள் கிளம்பிவிடு என்றும் சொன்னேன். இப்போது வியாழக்கிழமைதோறும் போகிறாள்.

"ஆப்ல பார்த்தா போச்சு" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கடை திறந்திருக்கிறதா, படி இருக்கிறதா, மேசைகள் எவ்வளவு நெருக்கம் என்பதைப் பார்க்க நானும் அதைத்தான் திறக்கிறேன், படங்களுக்காக. நட்சத்திரங்களைத்தான் நம்ப முடியவில்லை. பசியோடு வந்தவர், காதலியோடு வந்தவர், குழந்தையோடு வந்தவர், பார்க்கிங் கிடைக்காமல் கடுப்பில் வந்தவர் எல்லாரையும் கூட்டி வகுத்து வருகிற 4.2 என்ற எண், அவர்களில் ஒருவருக்குக்கூடப் பொருந்தாமல் போகலாம். டிம் ஸகாட், நீனா ஸகாட் என்ற நியூயார்க் தம்பதி 1979ல் நண்பர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுக்க ஆரம்பித்தபோது சமையலுக்குத் தனி, அலங்காரத்துக்குத் தனி, பரிமாறலுக்குத் தனி என்று முப்பதுக்கு மதிப்பெண் போட்டார்கள். பரிமாறல் மோசம், சமையல் பிரமாதம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. இன்றைக்கு எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிட்டது.

அந்த எண்ணின் பலமோ பெரிது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை யெல்ப் என்ற விமர்சனத் தளத்தின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது. அதுவும் தனிக்கடைகளுக்கு மட்டும். எங்கே போனாலும் ஒரே பெயரில் இருக்கும் சங்கிலிக் கடைகளுக்கு அந்த மாற்றம் இல்லை. இவ்வளவு பணம் தொங்கும் இடத்தில் பொய் நுழையாமல் இருக்குமா? 2017ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதிவுசெய்தார். சமையலும் இல்லை, மேசையும் இல்லை. நண்பர்கள் எழுதிய பொய் விமர்சனங்கள் மட்டும். 18,000க்கும் மேற்பட்ட லண்டன் உணவகங்களில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்து 2024ல் அமெரிக்க அரசு தனி விதியே கொண்டுவர வேண்டியிருந்தது. லிஃப்ட் வாசலில் எனக்கு இடம் சொல்பவரை நாளைக்கும் அதே லிஃப்டில் பார்ப்பேன். அவருக்கு அது தெரியும்.

விமர்சனம் படித்தே ஆக வேண்டுமென்றால் மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படிக்கலாம். ஐந்து போட்டவர் சந்தோஷத்தில் இருப்பார், ஒன்று போட்டவர் கோபத்தில் இருப்பார். மூன்று போட்டவர்தான் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் எழுதியிருப்பார்.

ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு வருவோம். இதில் நாங்கள் உள்ளூர்க்காரர்கள் ரொம்ப மோசம். பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பத்து வருடம் ஆகியிருக்கும். "எப்ப வேணா போகலாம்" என்று இருப்பதுதான் காரணம். என்ன பார்க்கலாம் என்று என்னைக் கேட்டால் நான் மூன்று வகை ஆட்களிடம் அனுப்புவேன். நாய் வளர்ப்பவர்கள்: காலை ஐந்தரைக்கு எந்தத் தெரு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர் நடக்கச் சொன்ன பெரியவர்கள்: பூங்காவில் எந்த பெஞ்சுக்கு எத்தனை மணிக்கு நிழல் வரும், எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகச் சொல்வார்கள். மூன்றாவது, மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, மழை வந்தால் ஓடி ஒதுங்க எங்கே என்ற வரைபடம் அவர்கள் மனதில் எப்போதும் விரித்தே இருக்கும். இந்த மூன்று பேர் சொல்வதைச் சேர்த்தால் யாரையும் தைரியமாக வெளியே அனுப்பலாம். போகும் திசையும் முக்கியம். ஆற்றங்கரை நடையை மேற்கிலிருந்து தொடங்கினால் மாலை வெயில் முதுகில் விழும், மாற்றிப் போனால் கண்ணில் அறையும். ஒரே நடைதான்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்ற கேள்வி எனக்குள் தீரவில்லை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைத்த குவெல் பூங்காவுக்குப் பக்கத்துக் குடியிருப்புகள் வழியாக 116 என்ற சிறிய பேருந்து ஓடுகிறது. அந்தப் பகுதி மக்களுக்காக விட்ட பேருந்து. வரைபடச் செயலியைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் அதில் ஏற, கைத்தடியோடு நிற்கும் உள்ளூர் முதியவர்களுக்கு இடம் கிடைக்காமல் போனது. அவர்கள் முறையிட, 2024ல் நகராட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் கூகுள் வரைபடத்திலிருந்து அந்த வழித்தடமே நீக்கப்பட்டது. பேருந்து இன்னும் ஓடுகிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தச் செய்தியைப் படித்தபோது முதியவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. எங்கள் தெருவிலும் எட்டே மேசை உள்ள ஒரு கடை இருக்கிறது. அதன் பெயரை நான் எங்கேயும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். நேரில் கேட்பவரிடம் சொல்வேன். ஒருவர் வந்து கேட்டால் இன்னொரு நாற்காலி போட்டுவிடலாம், ஆயிரம் பேர் வந்தால் அங்கே தினமும் தனியாகச் சாப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். கடைக்காரருக்கு வருமானம் கூடுமே, அதைத் தடுக்க நீ யார் என்று என் தம்பி கேட்டான். அதுவும் நியாயம்தான். கடைக்காரரிடமே கேட்டேன். "இவ்வளவுதான்மா என்னால சமைக்க முடியும்" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இடம் சொல்லும்போது நான் கடைசியாக எப்போது போனேன் என்பதையும் இப்போது சேர்த்தே சொல்கிறேன். நாலு வருடம் முன்னால் சாப்பிட்ட ஞாபகத்தை நேற்றுச் சாப்பிட்டது போலச் சொல்வது எல்லாருக்கும் இருக்கும் பழக்கம். கடைகள் மாறுகின்றன. சமையல்காரர் போனாலும் பெயர்ப்பலகை அப்படியேதான் இருக்கும்.

போன மாதம் மூன்றாவது மாடிப் பெண் மறுபடி வந்தாள். மாமியாருக்கு எழுபதாவது பிறந்தநாள். எல்லாரும் வெளியே சாப்பிட வேண்டும், வேறு இடம் சொல்லுங்கள் என்றாள். மறுபடியும் என்னையே வந்து கேட்டாளே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். எத்தனை பேர்? அம்மா எவ்வளவு தூரம் நடப்பாங்க? காது நல்லா கேக்குமா? குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்? கொண்டாட்டம் மாதிரி வேணுமா, நிம்மதியா பேசிட்டிருக்கணுமா? கடைசிக் கேள்விக்கு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அத்தைக்குப் பேசணும்க்கா. வந்ததுலேர்ந்து யாரும் அவங்ககூட உக்காந்து பேசவே இல்ல."

நான் முதல் தடவை சொன்ன உணவகத்தின் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தேன்: "தரைத்தளம், படி கிடையாது. வாசல் வரைக்கும் கார் வரும். ஜன்னலோரம் ரெண்டாவது டேபிள், நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு, அதைக் கேட்டு வாங்குங்க. ஆறரைக்குப் போயிட்டா எட்டு வரைக்கும் கூட்டம் இருக்காது. சமையல் சுமார்தான், ஆனா சூடா வரும், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்க. திங்கட்கிழமை லீவு. நான் கடைசியா போனது போன ஞாயிறு."